அம்பத்தூர் முதல் ஒரகடம் வரை: வாகன உதிரிபாகப் பட்டறை நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பத்தூர், திருமுடிவாக்கம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பட்டறை நடத்துபவர்களும், அப்பாவின் பட்டறையை ஏற்கப்போகும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் ஒரு கார் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் விலையைக் குறைக்கச் சொல்லும் வேலையில் இருந்தவன். இப்போது விலையைக் குறைத்துக் கொடுக்கும் பட்டறைகளுக்கு ஆலோசனை சொல்கிறேன். எனவே பதில்களில் சார்பு இருக்கும், அது சிறியவர் பக்கம்தான்.

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்கிறார்களே, பொருந்துமா?

தயாரிப்பு அளவைப் பார்த்தால் பொருந்தும். முடிவெடுக்கும் இடம் எது என்று பார்த்தால் பாதிதான் பொருந்தும். லாரி, மோட்டார் சைக்கிள், டிராக்டர் விஷயத்தில் தலைமையகம் இங்கேயே இருக்கிறது: அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், ராயல் என்ஃபீல்டு, டாஃபே. கார் விஷயத்தில் அப்படியில்லை. எந்த மாடல் வரும், எது நிற்கும் என்பதை சியோலிலும் பாரிஸிலும் தீர்மானிக்கிறார்கள். உங்கள் பட்டறையின் எதிர்காலத்தை முடிவு செய்பவரை நேரில் பார்த்துப் பேச முடியுமா, முடியாதா என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1995-இல் ஃபோர்டும் 1996-இல் ஹூண்டாயும் வந்தபோது இது வெறும் பொட்டல் காடு இல்லை. சிம்சன் 1840-லிருந்து இருக்கிறது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தொடங்கியது. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், திருவொற்றியூரில் 1955-இல் என்ஃபீல்டு, பாடியில் 1962-இல் சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. கடைசல் பிடிக்கவும் டை (உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு) செய்யவும் தெரிந்த இரண்டு தலைமுறை இங்கே இருந்ததால்தான் வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். துறைமுகமும் அரசுச் சலுகையும் அதற்கு அடுத்தபடிதான் என்பது என் கணிப்பு.

ஃபோர்டு ஏன் உற்பத்தியை நிறுத்தியது? அதில் நமக்கு என்ன பாடம்?

இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த நாள் 2021 செப்டம்பர் 9. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இயக்க நஷ்டம் என்று நிறுவனமே சொன்னது. மறைமலை நகரிலும் குஜராத்தின் சானந்திலும் இரண்டு ஆலைகள் இருந்தன. இரண்டின் கொள்ளளவில் ஒரு பகுதியே பயன்பட்டது. பாதி காலியாக ஓடும் ஆலையில் ஒவ்வொரு காரின் தலையிலும் இரண்டு காரின் வட்டி ஏறும்.

கார் மோசமாக இருந்ததால் விற்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2010-இல் வந்த ஃபிகோ நன்றாக விற்றது. 2013-இல் வந்த எக்கோஸ்போர்ட், நான்கு மீட்டருக்கு உட்பட்ட எஸ்.யு.வி. என்ற சந்தையையே பெரிதாகத் திறந்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. 2016-இல் பிரெஸா, 2017-இல் நெக்ஸான், 2019-இல் வென்யூ என்று போட்டியாளர்கள் வரிசையில் நிற்க, எக்கோஸ்போர்ட்டுக்கு முற்றிலும் புதிய தலைமுறை இங்கே வரவேயில்லை. உலக நிறுவனத்தின் பணம் எந்தச் சந்தைக்கு முதலில் போகும் என்ற கேள்விக்கு இந்தியா பதிலாக இல்லை. மஹிந்திராவோடு கூட்டுச் சேரும் திட்டமும் 2020 முடிவில் கைவிடப்பட்டது. வெளியேறும் முடிவு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. அது அவ்வளவு தாமதமாக வந்ததுதான் ஆச்சரியம்.

அதே காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்ததைப் பாருங்கள். ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவோடு தொடங்கியது. இங்கே விற்பதும் இங்கிருந்து ஏற்றுமதி செய்வதும் ஒரே ஆலையில் சேர்ந்ததால், உள்ளூர் விற்பனை படுத்தாலும் ஆலை ஓடியது. கொரிய உதிரிபாக நிறுவனங்களையும் கூடவே அழைத்து வந்தது. 2008-இல் இரண்டாவது ஆலையும் வந்தது. 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. இந்தியாவில் அதுவரை வந்த முதல் பொதுப் பங்கு வெளியீடுகளில் அதுவே பெரியது. இரு நிறுவனங்களுக்கும் ஒரே ஊர், ஒரே தொழிலாளர்கள், பெரும்பாலும் ஒரே சாலைதான். வேறுபட்டது தலைமையகம் இந்தச் சந்தையின் மேல் வைத்த கவனம்.

மறைமலை நகரில் ஃபோர்டின் கடைசி கார் 2022 ஜூலையில் இறங்கியது. அந்த ஆலையில் ஏற்றுமதிக்காக மீண்டும் உற்பத்தி செய்யும் விருப்பத்தை 2024 செப்டம்பரில் தெரிவித்தார்கள். 2025 அக்டோபரில் என்ஜின் தயாரிப்புக்கான ஒப்பந்தம் அரசோடு கையெழுத்தானது. உற்பத்தி 2029-இல் தொடங்கும் என்பது திட்டம். நடுவில் உள்ள ஆண்டுகளை ஃபோர்டை மட்டுமே நம்பிய பட்டறைகள் எப்படித் தள்ளியிருக்கும் என்பதுதான் அடுத்த கேள்விக்கான பதில்.

எங்கள் விற்பனையில் 70 சதவீதம் ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது. ஆபத்தா?

ஆபத்துதான். ஆனால் நாளைக்கே மாற்றிவிட முடியாது. வேறு ஆளுக்கு வேலை எடுக்க மாதிரி கொடுத்து, தணிக்கை முடித்து, முதல் ஷெட்யூல் (எத்தனை பாகம், எப்போது என்ற ஆர்டர் அட்டவணை) வருவதற்கே ஒன்றரை ஆண்டு போய்விடும். அதனால் ஆர்டர் நிரம்பி வழியும் காலத்தில்தான் அதைத் தொடங்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு தேடினால், தேடுகிறவர் முகத்திலேயே அது தெரியும். விலை பாதியாகும்.

யாருக்கும் 40 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது என் சொந்த அளவு. அதைவிட முக்கியம், இரண்டாவது வாடிக்கையாளர் முதலாமவரைப் போலவே இருக்கக் கூடாது. இரண்டு கார் நிறுவனங்களுக்குக் கொடுப்பது பன்முகம் ஆகாது, கார் விற்பனை விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். டிராக்டர் பருவமழையைப் பார்த்து விற்கும். லாரி சரக்கு வாடகையையும் வட்டியையும் பார்த்து விற்கும். மோட்டார் சைக்கிள் வேறொரு கணக்கு.

லாரியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு 2019 மறக்காது. 2018 ஜூலையில் லாரிகள் ஏற்றக்கூடிய எடையை அரசு உயர்த்தியது. இருக்கிற லாரியிலேயே கூடுதல் பாரம் ஏற்றலாம் என்றால் புது லாரி எதற்கு? செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் சரிந்து, வாகனக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் கையை மடக்கின. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புதிய புகை மாசு விதி வரவிருந்ததால் பழைய வண்டிகளின் இருப்பையும் குறைக்க வேண்டியிருந்தது. மூன்றும் சேர்ந்து, 2019 செப்டம்பரில் எண்ணூர் ஆலைக்கு மட்டும் 16 வேலையில்லா நாட்களை அசோக் லேலண்ட் அறிவித்தது. அந்த மாதம் அம்பத்தூரில் இரவு ஷிஃப்ட் ஓடிய பட்டறைகள் பெரும்பாலும் லாரி அல்லாத வேலையும் வைத்திருந்தவை.

ஆண்டுதோறும் 3 சதவீத விலைக் குறைப்பு கேட்கிறார்கள். மறுக்க முடியுமா?

வெறுமனே மறுத்தால் அடுத்த மாடலுக்கு விலைப்புள்ளி கேட்டு மின்னஞ்சல் வராது. எதன் மேல் 3 சதவீதம் என்று கேளுங்கள், பேச்சு அங்கே தொடங்கட்டும்.

உங்கள் பாகத்தின் விலை 100 ரூபாய், அதில் எஃகு 60 ரூபாய் என்று வையுங்கள். எஃகு விலையில் உங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பெரும்பாலும் எந்த ஆலையிலிருந்து வாங்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது மிச்சமுள்ள 40 ரூபாய்: கூலி, மின்சாரம், டூல், வாடகை, லாபம். மொத்த விலையில் 3 ரூபாயைக் குறைத்தால், அந்த நாற்பதில் 7.5 சதவீதம் போகிறது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்தால் லாபம் இருந்த இடம் காலியாகிவிடும். கொள்முதல் மேசையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியும். நீங்கள் கேட்காதவரை அவர் சொல்ல மாட்டார். நானும் சொன்னதில்லை.

ஆகவே குறைப்பை உற்பத்திச் செலவின் மேல் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். எஃகு விலை ஏறினால் எத்தனை நாளில் திருத்தம் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். காலாண்டு தாமதம் என்றால் அந்த மூன்று மாத வட்டி உங்களுடையது. குறைத்தே ஆக வேண்டும் என்றால் பணமாக விட்டுக்கொடுக்காமல் யோசனையாகக் கொடுங்கள்: தேவையில்லாத ஒரு துளையை நீக்குவது, இறுக்கமான அளவு விலகலைத் தளர்த்துவது, பேக்கிங் அட்டைக்குப் பதில் திரும்பி வரும் பெட்டி. வரைபடத்தை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இருந்தாலும், யோசனை உங்களுடையது என்பதால் மிச்சமாவதில் பாதியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அது கிடைக்க எத்தனை மின்னஞ்சல் போட வேண்டும் என்பது தனிக் கதை.

புதிய டைக்கான பணத்தை எங்களையே போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பேச்சு நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். 'இந்த மாடல் ஆண்டுக்கு ஒரு லட்சம் போகும். டைக்கு 30 லட்சம் ஆகிறதா? நீங்கள் போடுங்கள், ஒரு பாகத்துக்குப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறோம், மூன்று ஆண்டில் வந்துவிடும்.' கணக்கு சரிதான், மாடல் விற்றால். விற்காமல் 80,000 பாகத்தோடு நின்றால் உங்களுக்கு வந்தது 8 லட்சம். மீதி 22 லட்சம் துரு ஏறி மூலையில் கிடக்கும். வங்கி மட்டும் மாதத் தவணையை நிறுத்தாது.

விற்பனை கணிப்பு தப்புவது பெரிய நிறுவனத்துக்கு ஒரு வருத்தம், பட்டறைக்கு அது முதலீடு. இந்தத் தொழிலின் நிர்வாகச் சிக்கல்களில் முக்கால்வாசி இதுதான்: முடிவு மேலே எடுக்கப்படுகிறது, அதன் அபாயம் படிப்படியாகக் கீழே இறங்கி, பேரம் பேசும் பலம் குறைந்தவர் மடியில் விழுகிறது. சிறிய பட்டறையின் உத்தி என்று ஒன்று இருக்குமானால், எந்த அபாயத்தை ஏற்பது, எதை எழுத்தில் திருப்பி அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பதுதான். டைக்கான பதில்: 'மூன்று ஆண்டில் இத்தனை பாகம் எடுக்கவில்லை என்றால் மீதித் தொகையை மொத்தமாகத் தருவோம்' என்ற ஒரு வரி கொள்முதல் ஆணையில் இருந்தால் போடுங்கள். அந்த வரியைத் தர மறுக்கிறார்கள் என்றால், கணிப்பின் மேல் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை.

மின்வாகனம் வந்தால் எங்கள் வேலை போய்விடுமா?

என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிஸ்டன், வால்வு, புகைக்குழாய், எரிபொருள் குழாய் என்று என்ஜினைச் சுற்றியே வேலை என்றால் கவலைப்பட வேண்டும். சஸ்பென்ஷன், சீட் சட்டம், சக்கரம், கதவுக் கீல் என்றால் மின்வாகனத்துக்கும் அவை வேண்டும். பிரேக் லைனிங் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரம் திரும்ப எடுப்பதால், லைனிங் தேய்வது குறைகிறது. முதல் விற்பனை இருக்கும், மாற்றுச் சந்தை சுருங்கும்.

வேகமும் வண்டிக்கு வண்டி மாறும். மூன்று சக்கர வண்டியும் ஸ்கூட்டரும் முன்னால் போகின்றன, நீண்ட தூர லாரி கடைசியில் வரும். என்ஜின் பாகம் செய்பவருக்கு நான் சொல்வது: இயந்திரத்தை விற்க ஓடாதீர்கள், ஆனால் புதிதாக வாங்கும் ஒவ்வொரு இயந்திரமும் வேறு பாகமும் செய்யக்கூடியதாக இருக்கட்டும். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் அலுமினிய உறை வேண்டும். டை காஸ்டிங் தெரிந்த பட்டறைக்கு அது புது வேலை இல்லை. டாடா நிறுவனம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்சார கார் ஆலையைத் திறந்தது. புது வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார்.

மின்வாகனத்துக்கும் தன் தலைவலி உண்டு. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததும், மோட்டார் செய்யும் நிறுவனங்கள் கையில் இருக்கும் காந்தம் எத்தனை வாரத்துக்கு வரும் என்று எண்ணத் தொடங்கின. 2021-இல் சிப் தட்டுப்பாட்டில் கண்டதன் மறுபதிப்பு. ஒரே நாட்டை நம்புவதும் ஒரே வாடிக்கையாளரை நம்புவதும் ஒரே தவறுதான்.

தரத்துக்குப் பெரிய செலவு ஆகுமே, சின்னப் பட்டறைக்கு அது தேவையா?

1998-இல், தரத்துக்கு ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. 1990-களின் தொடக்கத்தில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி இயந்திரங்களை வாங்கி இங்கே கொண்டுவந்து நிறுவி, அமெரிக்க கார்களுக்கு மூடி அனுப்பியது. குறைந்த கூலி மட்டும் அதைச் சாதித்திருக்காது. சொன்ன நாளில் சொன்ன எண்ணிக்கை, குறையில்லாமல் போய்ச் சேர்ந்தது.

சின்னப் பட்டறை பரிசுக்குப் போக வேண்டாம். வாகனத் துறையின் தரச் சான்றான ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழ் இல்லாமல் கார் நிறுவனத்தின் நேரடி சப்ளையர் ஆவது கடினம் என்பதால் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் சான்றிதழுக்காக எழுதிய கோப்புகள் அலமாரியிலும், தவறான பாகங்கள் தொட்டியிலும் தனித்தனியே இருந்தால் காசு வீண். ஒரு பாகம் நிராகரிக்கப்பட்டால் பாகத்தின் விலையோடு போவதில்லை, அங்கே பிரித்துப் பார்க்கும் கூலி, லைன் நின்ற நேரம் எல்லாம் டெபிட் நோட்டாக (உங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளும் சீட்டாக) வரும். போன ஆண்டின் டெபிட் நோட்டுகளைக் கூட்டிப் பாருங்கள். தரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற தொகை அதில் இருக்கிறது.

ஆட்கள் நிற்பதில்லை. என்ன செய்வது?

சம்பளத்தைக் கேட்டால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அதனால் முதலில் அதையே சொல்கிறேன். ஒரே இயந்திரத்தில் நிரந்தர ஊழியர் ஒருவர், பக்கத்தில் அவர் சம்பளத்தில் பாதிகூட வாங்காத ஒப்பந்த ஊழியர் ஒருவர், இந்த ஏற்பாடு சென்னையின் வாகன ஆலைகளில் சகஜமாகிவிட்டது. தேவை ஏறும்போது எடுத்து, இறங்கும்போது அனுப்பிவிடலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. விலை வேறு இடத்தில் தெரிகிறது. கற்றுக்கொடுத்த ஆள் ஆறு மாதத்தில் போகிறான், அவனோடு அந்த டையின் குணமும் போகிறது, நிராகரிப்பு ஏறுகிறது.

2018-இல் ஒரகடத்தில் யமஹாவிலும் ராயல் என்ஃபீல்டிலும் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கம் வைக்கும் உரிமையும் ஆட்களை எடுத்த விதமும்தான் சண்டையின் நடுவில் இருந்தன. சங்கம் வந்தால் தொழில் போய்விடும் என்று பேசும் முதலாளிகளை எனக்குத் தெரியும். சங்கமே இல்லாமல் வாரா வாரம் புது ஆள் தேடும் முதலாளிகளையும் தெரியும். செலவு யாருக்கு அதிகம் என்று அவர்களே உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் இளைஞர்களுக்குத் தண்ணீர் வரும் அறையும், ஊருக்குப் போய்த் திரும்ப முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விடுமுறையும் இருந்தால் பாதிப்பேர் திரும்பி வருகிறார்கள். இது ஆலோசகர் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

இருப்பு வைக்காமல் கொடு என்கிறார்கள். மழைக்காலத்தில் என்ன செய்வது?

தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு என்ற ஜப்பானிய முறை, சாலையும் வானமும் ஒத்துழைக்கும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஹூண்டாய், ஃபோர்டு, ரெனோ–நிசான் ஆலைகள் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் நீரில் நின்றன. பெரிய ஆலையின் கிடங்கில் இருப்பு இல்லை என்றால், இருப்பு ஒழிந்துவிட்டது என்று பொருள் இல்லை, அது உங்கள் கிடங்குக்கு இடம் மாறியிருக்கிறது.

அக்டோபருக்கு முன் செய்ய வேண்டியவை: பத்து நாள் சரக்கை ஆலைக்கு அருகில் மேடான இடத்தில் வாடகைக் கிடங்கில் வைப்பது, மின்பெட்டிகளை இடுப்புயரத்துக்கு மேல் ஏற்றுவது, டைகளைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது. காப்பீட்டில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளருக்குச் சொந்தமான டைகள் உங்கள் பட்டறையில் இருந்தால் அவற்றையும் பாலிசியில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பலர் இதை வெள்ளம் வடிந்த பிறகுதான் படிக்கிறார்கள்.

ஏற்றுமதி செய்தால் உள்ளூர் நிறுவனங்களின் பிடியிலிருந்து தப்பலாமா?

பிடி மாறும், அவ்வளவுதான். 2025 மே 3 முதல் அமெரிக்கா முக்கிய கார் பாகங்களுக்கு 25 சதவீத வரி போட்டது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தைகளில் ஒரே கேள்வி, அந்த வரி யார் தலையில். சுங்க வரியை வாங்குபவரே ஏற்பார் என்று ஒப்பந்தத்தில் இருந்தவர்கள்கூட விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப்பட்டார்கள். வரி பற்றி ஒரு வரிகூட இல்லாதவர்கள் நிலை இன்னும் மோசம்.

பில் போட்டு நான்கு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதைக் கேட்டு வழக்குப் போடுபவர்கள் குறைவு, ஏனென்றால் வழக்குப் போட்ட மறுநாள் ஷெட்யூல் சுருங்கும்.

உண்மையில் வேலை செய்தது வருமான வரி வழியாக வந்த மாற்றம். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது என்ற 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, அதுவும் 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் கணக்கிலிருந்தே. அந்த மார்ச் மாதக் கடைசியில் பழைய பாக்கிகள் திடீரென்று வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. சில நிறுவனங்கள் வேறு வழியும் பார்த்தன: நடுத்தர நிறுவனத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதால் வேலையை அங்கே நகர்த்தின. உங்கள் சிறு நிறுவனப் பதிவை ரத்து செய்துவிடுங்கள் என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸ் தளத்தில் சேர வேண்டும் என்பது இப்போது விதி. உங்கள் பில்லை அவர்கள் அதில் ஏற்றுக்கொண்டால் வங்கி தள்ளுபடியில் சில நாளில் பணம் தரும், அவர்கள் பிறகு கட்டாவிட்டாலும் வங்கி உங்களைத் துரத்தாது.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இல்லாமல் இந்தப் பாதுகாப்பு கிடைக்குமா?

நம்பி இருக்காதீர்கள். சரக்கைக் கொடுத்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்கு உரிமை கோரியவர்கள் நீதிமன்றங்களில் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் வரம்புகளும் உயர்ந்துவிட்டன: இயந்திர முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி வரை சிறு நிறுவனம்தான். முன்பு நடுத்தரம் என்று ஒதுங்கியவர்கள் மீண்டும் பார்க்க வேண்டும். பதிவு இலவசம், இணையத்தில் ஆதாரும் பான் எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் போதும், தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டு, வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் அனுப்பி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.